பொட்டலத்தில் 330: அமிலத்தன்மை சீராக்கியை அறிந்து வாங்க, அளவோடு பயன்படுத்த

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கிச் சாலைக் கம்போளத்துக்குள் நடந்தால் புளிப்புக்குப் பஞ்சமே இல்லை. சாக்கில் கருத்துச் சுருண்ட குடம்புளி, கொட்டை நீக்கி உருட்டிய வாளன்புளி, குவித்துவைத்த எலுமிச்சை, ஊறுகாய் மாங்காய். உள்ளலமாரியில் சின்னப் பொட்டலங்களாக எலுமிச்சை உப்பு, ஆப்பச்சோடா, பப்படக்காரம். பக்கத்தில் வினிகர் பாட்டில். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் நிறுவிய இந்தக் கடைத்தெருவில் தமிழ் பேசும் வியாபாரிகள் தலைமுறைகளாகக் கடை நடத்திவருகிறார்கள். வாங்க வருபவர்களிலும் கரமனை, வலியசாலை, நாகர்கோவில் பக்கத்துத் தமிழர்கள் நிறைய.

இப்படிப்பட்ட கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. ஜாம் பாட்டிலையோ நூடுல்ஸ் பாக்கெட்டையோ திருப்பிப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, அசிடிட்டி ரெகுலேட்டர் 330ன்னு போட்டிருக்கே, பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா?” என்பார்கள். “அது எலுமிச்சை உப்புதாம்மா” என்று பதில் வரும். பதில் சரிதான், ஆனால் பாதிப் பதில். எந்தப் பொருள், எவ்வளவு, சாப்பிடுகிறவர் யார் என்ற மூன்றும் தெரிந்தால்தான் மீதியும் கிடைக்கும்.

சீராக்கி செய்யும் வேலை

உணவின் புளிப்பை பி.எச். என்ற அளவுகோலால் அளக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அளவு ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.6 வரை இருக்கும். கோலா பானங்கள் ஏறத்தாழ 2.5; தயிர் 4 முதல் 4.5 வரை, பசும்பால் 6.6க்கு மேல், ஆப்பச்சோடா கரைத்த தண்ணீர் 8ஐத் தாண்டும். இந்த அளவை ஏற்றவோ, இறக்கவோ, ஒரே இடத்தில் நிறுத்தவோ சேர்க்கும் பொருளுக்கு அமிலத்தன்மை சீராக்கி என்று பெயர். அதனால்தான் அமிலமான சிட்ரிக் அமிலமும் காரமான சோடா உப்பும் லேபிளில் ஒரே வகுப்பின் கீழ் வருகின்றன.

சேர்ப்பது சுவைக்காக மட்டும் அல்ல. ஜாமில் பெக்டின் இறுகிக் கட்டியாக வேண்டுமானால் பி.எச். 3ஐ ஒட்டி இருக்க வேண்டும். நறுக்கிய பழம் கறுப்பதற்குக் காரணமான நொதி, புளிப்பில் மந்தமாகிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது பாதுகாப்பு. ‘குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம்’ என்ற கிருமி காற்றில்லாத பாட்டிலுக்குள் கொடிய நஞ்சை உண்டாக்கும். பி.எச். 4.6க்குக் கீழே அந்தக் கிருமியின் வித்து முளைப்பதில்லை. பதப்படுத்தும் தொழிற்சாலைகள் உலகம் முழுவதும் இந்த எண்ணைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பது இதற்காகத்தான். வீட்டில் பூண்டை வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து மாதக்கணக்கில் வெளியே வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. புளிப்பே சேராத அந்தப் பாட்டில்தான், 330 போட்ட ஊறுகாயைவிட ஆபத்தானது.

பேதி கண்ட குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியிலும் இதே குடும்பத்துப் பொருள் ஒன்று இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவுப்படி, ஒரு லிட்டர் கரைசலில் டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். உடலில் ஏறிய அமிலத்தைச் சமன்செய்வதே அதன் வேலை. பாலாடைக்கட்டிப் பொட்டலத்தில் 331 என்று அச்சாவதும் சோடியம் சிட்ரேட்டுதான்.

330ஐச் சுற்றி எழுந்த பயம்

330 என்பது சிட்ரிக் அமிலத்தின் எண். 1784இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதன்பின் நெடுங்காலம் இத்தாலியின் எலுமிச்சைத் தோட்டங்களே உலகத்துக்கு அதை வழங்கின. 1917இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் கரி, ‘ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர்’ என்ற பூஞ்சை சர்க்கரையைத் தின்று ஏராளமாகச் சிட்ரிக் அமிலம் தரும் என்று கண்டறிந்தார். 1919இல் பைசர் நிறுவனம் அந்த வழியில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று கடைக்கு வரும் எலுமிச்சை உப்பு பெரும்பாலும் இப்படி நொதிக்கவைத்து, வடிகட்டி, படிகமாக்கியதுதான். பழத்தில் இருக்கும் மூலக்கூறும் இதுவும் ஒன்றே.

அப்படியிருந்தும் 330 என்றால் புற்றுநோய் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்தப் பேச்சுக்கு வயது ஏறத்தாழ அரை நூற்றாண்டு. 1976 வாக்கில் பிரான்சில் ஒரு துண்டறிக்கை கைமாறிக் கைமாறிப் பரவியது. அதில் இ330தான் மிகவும் ஆபத்தான சேர்க்கை என்று இருந்தது. வில்ஜுயிஃப் நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டது போலவும் எழுதியிருந்தது. அங்கே இருக்கும் குஸ்தாவ் ரூசி நிறுவனம், அந்த அறிக்கைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று மறுத்தது. ஆனாலும் அது பல மொழிகளில் பெயர்ந்து ஐரோப்பா முழுவதும் சுற்றியது.

உணவுச் சேர்க்கைகளை ஆராயும் பன்னாட்டு நிபுணர் குழு சிட்ரிக் அமிலத்துக்கு ஒரு நாளின் உச்ச அளவை எண்ணாகக் குறிப்பிடவே இல்லை. உணவில் சேர்க்கும் அளவால் தீங்கு வரும் என்று அதற்குத் தோன்றவில்லை. மனித உடலே தன் செல்களுக்குள் சிட்ரிக் அமிலத்தை உண்டாக்கிச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. கிழக்கேகோட்டையில் வெயிலுக்கு ஒரு கிளாஸ் எலுமிச்சை சோடா குடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பழத்தைப் பிழிந்து 30 மில்லி சாறு கிடைத்தால், அதிலேயே ஏறத்தாழ ஒன்றரை கிராம் சிட்ரிக் அமிலம் வயிற்றுக்குள் போய்விடும்.

பல்லுக்கு மட்டும் இது வேறு கணக்கு. பி.எச். 5.5 அளவுக்குக் கீழே பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறானாலும் 330 போட்ட பாட்டில் பானமானாலும் நாள் முழுக்கச் சிறுகச் சிறுக உறிஞ்சுவது பல்லைத் தேய்க்கும். ஒரே முறையாகக் குடித்துவிட்டு வாயைத் தண்ணீரால் கொப்பளிப்பது நல்லது. குடித்த கையோடு பல் துலக்கக் கூடாது. அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

லேபிளில் எண்களைப் படிக்கும் முறை

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதிப்படி, பொட்டலத்தில் சேர்க்கையின் வகுப்பையும் அதன் பெயரையோ பன்னாட்டு எண்ணையோ அச்சிட வேண்டும். அடிக்கடி கண்ணில் படும் எண்கள் இவை:

260 – அசிட்டிக் அமிலம்; ஊறுகாய், சாஸ்.
270 – லாக்டிக் அமிலம். தயிரிலும் புளித்த மாவிலும் தானே உண்டாவது.
296 – மாலிக் அமிலம். மிட்டாய், மசாலாப் பொடி.
330 – சிட்ரிக் அமிலம்; ஜாம், பானம், நூடுல்ஸ் மசாலா.
331 – சோடியம் சிட்ரேட், பாலாடைக்கட்டி, பானம்.
334 – டார்டாரிக் அமிலம். புளியில் இயல்பாகவே இருப்பது.
338 – பாஸ்பாரிக் அமிலம், கோலா.
500 – சோடியம் கார்பனேட், பைகார்பனேட். பிஸ்கட், பப்படம், நூடுல்ஸ்.
501 – பொட்டாசியம் கார்பனேட், நூடுல்ஸ்.

சேர்த்தது எந்தப் பொருள் என்பதை மட்டுமே எண் சொல்லும். எவ்வளவு சேர்த்தார்கள் என்பதை அது சொல்லாது. பொருட்பட்டியல் எடை வரிசையில் அச்சாகிறது. முதலில் இருப்பது அதிகம். சர்க்கரை முதலிரண்டு இடங்களில் நிற்க, கடைசி வரியில் 330 நிற்கிறது என்றால், கவலைப்பட வேண்டியது சர்க்கரையைப் பற்றித்தான்.

குடம்புளியும் இரும்பன்புளியும்

மீன்கறிக்குக் குடம்புளி போடும் வீடுகளுக்குச் சீராக்கி புதிதல்ல. நெருப்பில் புகைகாட்டி உலர்த்திய சுளைகளை வெந்நீரில் அலசி, மண்சட்டியில் மீனோடு கொதிக்கவிட்டால் குழம்பின் பி.எச். இறங்கும், கிருமிகள் பெருகுவது தாமதப்படும். மறுநாள் கறி கெடாமல் ருசியும் ஏறி நிற்பது இதனால்தான். குடம்புளியின் புளிப்பு எது என்பது நெடுநாள் குழப்பமாக இருந்தது. டார்டாரிக், சிட்ரிக் என்று எழுதிவந்தார்கள். 1965இல் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் லூயிஸ், நீலகண்டன் இருவரும் அதன் முதன்மை அமிலம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று நிறுவினார்கள்.

குழம்பில் போடும் இரண்டு மூன்று சுளைகளால் பயமில்லை. அதே அமிலத்தைச் செறிவாக்கி, உடல் இளைக்கவைக்கும் மாத்திரை என்று விற்பது வேறு சங்கதி. அத்தகைய மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

இரும்பன்புளியின் கதை இன்னும் கடுமையானது. கேரளத்து முற்றங்களில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் இந்தக் காயை ஊறுகாய் போடுவார்கள், மீனில் சேர்ப்பார்கள். அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. கொலஸ்ட்ரால் குறையும் என்று யாரோ சொல்ல, அதைச் சாறாகப் பிழிந்து குடித்தவர்கள் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளைச் சேர்ந்த பத்து நோயாளிகளின் விவரத்தை மருத்துவர்கள் 2013இல் இந்தியச் சிறுநீரகவியல் இதழில் வெளியிட்டார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு மரத்தில் காய்த்தது, மருந்தடிக்காதது, இயற்கையானது. ஆனாலும் டம்ளர் கணக்கில் குடித்தபோது அது சிறுநீரகத்தை அடைத்தது. இரும்பன்புளிச் சாற்றை யாரும் குடிக்கக் கூடாது. கறியில் சேர்ப்பதும் எப்போதாவது, கொஞ்சமாக இருக்கட்டும்.

சோடா உப்பும் பப்படக்காரமும்

சீராக்கிகளில் காரப் பக்கத்தைச் சேர்ந்தவை இவை. உளுந்து மாவில் பப்படக்காரம் சேர்த்தால் பப்படம் எண்ணெயில் விழுந்ததும் உப்பி எழும். அதிகம் புளித்துப்போன மாவில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா விழுந்தால் அமிலம் தணியும், கரியமில வாயு கிளம்பி மாவு பொங்கும்.

இங்கே கணக்கில் எடுக்க வேண்டியது சோடியம். ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம் சமையல் சோடாவில் ஏறக்குறைய 1.3 கிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர் ஒருவர் நாளைக்கு 2 கிராமுக்கும் குறைவாகவே சோடியம் சேர்க்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நெஞ்செரிச்சலுக்கு தினமும் சோடா உப்பைக் கரைத்துக் குடிக்கும் இரத்த அழுத்த நோயாளி, உப்பில்லாத சோறு சாப்பிட்டும் பயனில்லாமல் செய்துகொள்கிறார். கடலையும் பயறும் சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா போடுவதும் நல்ல பழக்கமல்ல. தயமின் என்ற பி1 வைட்டமின் காரத்தில் அழிந்துவிடும். முந்தின இரவே ஊறவைத்தால் சோடாவே வேண்டாம்.

துணி துவைக்கும் சோடா உணவுத் தரத்துக்குத் தயாரித்தது அல்ல. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வெள்ளைப் பொடியை வாங்கிவந்து சமையலறை டப்பாவில் கொட்டிவைப்பது விபத்தை வீட்டுக்குள் கூட்டிவருவதாகும்.

கோழிக்கோட்டில் நடந்தது

2022 பிப்ரவரியில் கோழிக்கோடு கடற்கரைக்கு வந்த மாணவர்கள், உப்பிலிட்ட காய்களும் பழங்களும் விற்கும் பெட்டிக்கடை ஒன்றில் நின்றார்கள். அங்கிருந்த பாட்டிலில் இருந்ததைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்ததில் வாய் வெந்தது. இருவர் காயமடைந்து சிகிச்சைக்குப் போக நேர்ந்தது. பாட்டிலில் இருந்தது அடர் அசிட்டிக் அமிலம். உணவுப் பாதுகாப்புத் துறையும் மாநகராட்சியும் கடற்கரைக் கடைகளில் சோதனை நடத்தின. உப்பிலிட்டது விற்பனைக்குத் தற்காலிகத் தடையும் வந்தது.

வினிகரும் அசிட்டிக் அமிலம்தான், லேபிளில் 260ம் அதுதான். வினிகரில் அது நூற்றுக்கு 4 பங்கு அளவில் இருக்கும். ‘கிளேசியல்’ என்று விற்கும் அடர் அமிலத்திலோ நூற்றுக்கு 99 பங்கு. பார்த்தால் இரண்டும் தண்ணீர் போலவே இருக்கும். மலிவு என்பதற்காக அடர் அமிலத்தை வாங்கித் தண்ணீர் கலந்து ஊறுகாய் போடும் வழக்கத்தைச் சின்னக் கடைகள் அறவே கைவிட வேண்டும். கலக்கும் கையில் அளவுக் குழாயும் இல்லை, வாங்கிய அமிலம் உணவுத் தரமானது என்பதற்கு உறுதியும் இல்லை. செயற்கை வினிகர் என்றால், அசிட்டிக் அமிலத்திலிருந்து தயாரித்தது என்று பாட்டிலில் அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாத பாட்டிலை வாங்கக் கூடாது.

தவறிப்போய் யாராவது அடர் அமிலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மேலே வரும் அமிலம் தொண்டையை மறுபடியும் சுடும். சோடா உப்பைக் கரைத்தும் கொடுக்கக் கூடாது. வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றி ஓட வேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும்.

சீராக்கி கலப்படமாகும் இடம்

அங்கீகாரம் பெற்ற பொருளே கூட இடம் மாறினால் மோசடிதான். பால் புளிக்கத் தொடங்கினால் காய்ச்சும்போது திரிந்துபோகும். அதை மறைக்கச் சோடா உப்போ காஸ்டிக் சோடாவோ கலந்து அமிலத்தைத் தணித்துவிடுகிறார்கள் சிலர். பால் திரியாது, ஆனால் அதற்குள் பெருகிய கிருமிகள் பெருகியபடியே இருக்கும். இதனால் பாலில் இப்படி எதைக் கலப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. ஓணக் காலத்தில் தமிழ்நாட்டுப் பால் கேரளத்துக்குள் வரும் பாறசாலை, ஆரியங்காவு, மீனாட்சிபுரம் போன்ற எல்லை வழிகளில் பால்வளத் துறை சோதனைச் சாவடி போட்டுப் பாலைப் பரிசோதிப்பது வழக்கம். ரோசாலிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்துப் பார்க்கையில் பால் ரோஜாச் சிவப்பாக மாறினால் காரம் கலந்திருக்கிறது என்று கண்டுகொள்கிறார்கள்.

கூடுதல் கவனம் வேண்டியவர்கள்

சிறுநீரக நோயாளிகள் முதலிடத்தில் வருகிறார்கள். பாஸ்பேட் வகைகளும் பொட்டாசியம் சேர்ந்த 332, 501 போன்றவையும் அவர்களுடைய இரத்தத்தில் தங்கிவிடும். எல்லா உணவுகளிலிருந்தும் வரும் பாஸ்பரஸுக்குப் பன்னாட்டு நிபுணர் குழு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் என்று உச்ச அளவு வைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் உணவு பாஸ்பேட்டுகளை மறுஆய்வு செய்து 40 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது. அந்த 40கூட நோயாளிகளுக்குப் பொருந்தாது. மருத்துவர் சொல்லும் அளவே அவர்களுக்கு அளவு. அலுமினியம் சேர்ந்த அமிலநீக்கி மருந்து சாப்பிடும் சிறுநீரக நோயாளிகள், சிட்ரேட் பானங்களைப் பற்றி மருத்துவரிடம் தனியே கேட்க வேண்டும். சிட்ரேட் உடலுக்குள் அலுமினியத்தை அதிகம் ஏற்றிவிடும்.

அடுத்து, நெஞ்செரிச்சலும் வயிற்றுப் புண்ணும் உள்ளவர்கள். அவர்களுக்குத் தொந்தரவு தருவது எண்ணல்ல, புளிப்பு. எலுமிச்சையும் 330ம் ஒரே மாதிரி எரிச்சலைக் கிளப்பும். கைக்குழந்தைகளுக்குப் புளிப்பூட்டிய பொட்டல உணவு தேவையே இல்லை.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளிக்குழம்போ மோரோ நிற்கக் கூடாது. உலோகம் கரைந்து உணவில் இறங்கும். அலுமினியச் சட்டியில் புளி ஊறவைப்பதும் வேண்டாம். மண்சட்டி, எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் இவை போதும்.

சந்தேகம் வந்தால்

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: 14 இலக்க உரிம எண், பொருட்பட்டியல், தயாரித்த நாள், உபயோகிக்க வேண்டிய கடைசி நாள். எலுமிச்சை உப்பையும் சமையல் சோடாவையும் அச்சிட்ட உறையில் மட்டும் வாங்கி, வீட்டில் அதே உறையோடு டப்பாவில் வைக்க வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் வினிகரையோ வேறு எந்தத் திரவத்தையோ ஊற்றிவைக்கவே கூடாது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வாங்குபவருக்கு ஓர் உரிமையைத் தருகிறது. அதன் 40ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, எந்த உணவையும் அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். திருவனந்தபுரத்திலேயே அரசுப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. பாலிலோ உப்பிலிட்டதிலோ சந்தேகம் தட்டினால், அக்கம்பக்கத்தில் சொல்லி ஆதங்கப்படுவதோடு நிற்காமல், வாசகர்கள் இந்தப் பிரிவைப் பயன்படுத்த வேண்டும்.